குவாக்காவைக் கிளப்பாதீர்கள்

ஒவ்வொரு தைப்பொங்கல் விழாவிலும் யாராவது ஒருவர் மேடையேறி, "நாங்கள் எல்லோரும் புலம்பெயர் பறவைகள்" என்று பேச்சைத் தொடங்குவார். எட்டு வயதிலிருந்து நான் இதைக் கேட்டு வருகிறேன். ஒரு தடவையாவது எழுந்து, "அங்கிள், நீங்கள் எந்தப் பறவையைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க ஆசை. இன்றுவரை கேட்டதில்லை. அம்மா எப்போதும் முன் வரிசையில் இருப்பார்.

ஆனால் அது நியாயமான கேள்வி. பொங்கல் விழா நடப்பது ஜனவரியில். அந்த நாட்களில் எங்கள் தகனினியிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் போதும், நிஜமான புலம்பெயர் பறவைகள் ஆயிரக்கணக்கில் கரையில் நிற்கும். மண்டபத்தில் கைதட்டும் எங்களில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருக்கிறோம்?

இந்தப் பதிவில் உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கப் போகிறேன். ஒன்று, இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள் அந்தப் பறவைகளைப் போய்ப் பாருங்கள். இரண்டு, பார்க்கும்போது அவற்றைக் கிளப்பாதீர்கள். இரண்டாவதுதான் முக்கியம். அதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானே அந்தத் தவறைச் செய்தவன்.

எனக்கு அப்போது 22 வயது. பல்கலைக்கழக நண்பர்கள் நாலு பேர், ஒரு பழைய கார், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேம்ஸ் வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் பூகொரொகொரோ மிராண்டாவுக்குப் போனோம். கடல் ஏறியிருந்தது. சிப்பி ஓடுகள் குவிந்த ஒரு மேட்டில், சாம்பலும் பழுப்புமாகப் பாய் விரித்த மாதிரி பறவைகள் நின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, பாதி ஒற்றைக் காலில். ஒரு நண்பன் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "ஓடு" என்றான். நான் ஓடினேன். பாய் அப்படியே எழுந்து வானத்துக்குப் போனது. 14 விநாடி வீடியோ. நன்றாகத்தான் வந்திருந்தது. அன்று இரவே நிறைய லைக்.

நாங்கள் காருக்குத் திரும்பும்போது வயதான ஒரு பெண் எங்களிடம் வந்தார். தோளில் பெரிய ஸ்கோப். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "இந்தப் பறவைகள் இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ கிளம்பப் போகின்றன. அடுத்து அவை காலை ஊன்றப் போவது சீனாவில்தான். நீங்கள் இப்போது செலவழிக்க வைத்ததை அவை திரும்பச் சாப்பிட்டுச் சேர்க்க வேண்டும். கடல் வற்றும்வரை அதுவும் முடியாது" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் ஸ்கோப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன். எரிபொருள் கணக்கு எனக்கு விளங்கும். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இரண்டு நாள் கழித்து அந்த வீடியோவை அழித்தேன். ஆனால் அதை ஏற்கெனவே பார்த்தவர்கள் சிலர், "எந்த இடம் மச்சான், நாங்களும் போய் எடுக்கப் போறம்" என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது.

அன்று நான் தேடிப் படித்தது இதுதான்.

அந்தப் பறவையின் மாவோரிப் பெயர் குவாக்கா. ஆங்கிலத்தில் பார்-டெயில்ட் கொட்விட். தமிழில் பட்டைவால் மூக்கன். மூக்கைப் பார்த்தால் ஏன் இந்தப் பெயர் என்று உடனே தெரியும்: சேற்றுக்குள் ஆழமாக விட்டுப் புழு தேடுவதற்கென்றே நீண்டு, சற்று மேல்நோக்கி வளைந்த அலகு. இங்கே வரும் மூக்கன்கள் அலாஸ்காவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. செப்டெம்பரில் நியூசிலாந்துக்கு வருகின்றன. எங்கள் வசந்தமும் கோடையும் முடியும்வரை சேற்றில் தின்று கொழுத்து, மார்ச்சில் கிளம்புகின்றன. ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே மாவோரிகள் இதைக் கவனித்திருக்கிறார்கள். பறவை வடக்கே போகும், திரும்ப வரும், ஆனால் அதன் கூட்டை யாரும் கண்டதில்லை. குவாக்காவின் கூட்டைக் கண்டவர் யார் என்று கேட்கும் ஒரு பழமொழியே அவர்களிடம் உண்டு.

2007-ல் விஞ்ஞானிகள் சில குவாக்காக்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தினார்கள். அவற்றில் ஒரு பெண் பறவையின் பெயர் ஈ7. காலில் மாட்டிய சிறு கொடியில் இருந்த எழுத்தும் எண்ணும்தான் அந்தப் பெயர். மார்ச்சில் நியூசிலாந்திலிருந்து கிளம்பிய ஈ7, எங்கும் இறங்காமல் 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, சீனாவும் வட கொரியாவும் சந்திக்கும் யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. அங்கே சில கிழமைகள் தின்றுவிட்டு அலாஸ்காவுக்குப் போனது. ஆகஸ்ட் கடைசியில் அங்கிருந்து கிளம்பி, பசிபிக் சமுத்திரத்துக்கு மேலாக எட்டு நாள் பறந்து, செப்டெம்பர் தொடக்கத்தில் மீண்டும் தேம்ஸ் வளைகுடாவுக்கே வந்து சேர்ந்தது. அந்தக் கடைசிப் பறப்பு மட்டும் 11,600 கிலோமீட்டருக்கு மேல். 2022-ல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து அந்தச் சாதனையையும் முறியடித்தது.

குவாக்கா கடற்பறவை இல்லை. கடலில் இறங்கி மிதந்து ஓய்வெடுக்க அதற்கு முடியாது. அல்பட்ரோஸ் மாதிரி காற்றில் சறுக்கிக்கொண்டு போகவும் முடியாது. இறங்கும்வரை இறக்கை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் சாப்பாடும் தண்ணீரும் இல்லை. எல்லா எரிபொருளையும் முன்கூட்டியே உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1998-ல் வெளியான ஓர் ஆய்வு, அலாஸ்காவிலிருந்து கிளம்பும் இளம் பறவைகளின் எடையில் 55 சதவீதம் கொழுப்பு என்று காட்டியது. பறக்கும்போது தேவைப்படாத ஈரல், குடல், இரைப்பை எல்லாம் சுருங்கியிருந்தன. வேலைக்காக மென்பொருள் இடமாற்றத் திட்டங்கள் நிறைய எழுதியிருக்கிறேன். இவ்வளவு இறுக்கமான திட்டத்தை எழுதினால் என் மேலாளர் கையெழுத்துப் போடமாட்டார்.

இப்போது நான் ஓடிய அந்த மேட்டுக்கு வருவோம்.

கரையோரப் பறவைகளின் நாளைத் தீர்மானிப்பது கடல்தான், சூரியன் இல்லை. கடல் வற்றும்போது பரந்த சேற்றுவெளி திறக்கிறது. அதுதான் அவற்றின் சாப்பாட்டு மேசை. பகலோ இரவோ, வற்று இருக்கும் நேரத்தில் தின்னும். கடல் ஏறினால் மேசை தண்ணீருக்குள் போய்விடும். அந்தச் சில மணி நேரம் எல்லாப் பறவையும் ஒரு சிறு மேட்டில் நெருக்கி நின்று, சீரணித்து, உறங்கும். எங்களுக்கு வசதியான நேரமும் அதுதான். தூரத்துச் சேற்றில் சிதறிக் கிடந்த பறவைகள் எல்லாம் ஹை டைட்டில் கண்ணெதிரே கூடுகின்றன. கடற்கரைக்கு நாயைக் கூட்டி வருபவர், பட்டம் விடுபவர், ட்ரோன் விடுபவர், பறவை பார்க்க வருபவர், எல்லோரும் வருவது அந்த நேரத்தில்தான். அதாவது, அவை ஓய்வெடுக்கக்கூடிய ஒரே நேரமும் நாங்கள் அவற்றை அடையக்கூடிய ஒரே நேரமும் ஒன்று.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. பெப்ரவரியும் மார்ச்சும் எங்களுக்குக் கடற்கரைக்குப் போக மிக நல்ல மாதங்கள். கடல் சூடாக இருக்கும், மழை குறைவு. மூக்கன்களுக்கோ அதுதான் கொழுப்புச் சேர்க்கும் கடைசிக் கிழமைகள்.

"ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துவிடுமே, அதில் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், உட்கார்ந்துவிடும். ஆனால் உங்களுக்கு முன் ஒருவர் கிளப்பியிருப்பார். உங்களுக்குப் பின் ஒருவர் கிளப்புவார். நீண்ட வார இறுதியில் ஒரே ஏற்றத்தில் எத்தனை தடவை எழும்ப வேண்டியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு மணிக்கு ஒரு தடவை யாரோ உங்கள் கதவைத் தட்டிவிட்டு ஓடினால், ஒவ்வொருவரும் "நான் ஒரு தடவைதானே தட்டினேன்" என்று சொல்லலாம். நீங்கள் மட்டும் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

இன்னும் பெரிய ஒரு கேள்வியும் வரும். கிழக்கு ஆசியாவில் கடலையே மண் போட்டு நிரப்புகிறார்கள், அதற்கு முன்னால் தகனினிப் பையன் ஒருவன் ஓடுவது ஒரு பிரச்சினையா?

நிரப்பியது உண்மை. மார்ச்சில் இங்கிருந்து போகும் குவாக்காக்கள் எல்லாம் நம்பிப் போவது சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே இருக்கும் மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளை. ஐம்பது ஆண்டுகளில் அந்தச் சேற்றுவெளியில் மூன்றில் இரண்டு பங்கு அளவு அழிந்துவிட்டது. தென் கொரியாவில் சேமான்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் கட்டி, 2006-ல் முகத்துவாரத்தை முழுதாக மூடினார்கள். அங்கே பல்லாயிரக்கணக்கில் இறங்கி வந்த கிரேட் நொட் என்ற பறவை இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களில் ஒன்று. நியூசிலாந்துக்கு வரும் குவாக்காக்களும் குறைந்துவிட்டன. 1980களிலும் 90களிலும் எண்ணியபோது ஒரு லட்சம் அளவில் இருந்தவை இப்போது சுமார் 75,000.

எங்கள் துறையில் இதற்கு ஒரு சொல் உண்டு. முழு அமைப்பும் ஒரே ஒரு சர்வரில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த சர்வர் விழுந்தால் எல்லாம் விழும். மஞ்சள் கடல்தான் குவாக்காவின் அந்த ஒரே சர்வர். அலாஸ்காவும் நியூசிலாந்தும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நடுவில் இறங்க இடமில்லை என்றால் பயணம் இல்லை. இதனால்தான் பொங்கல் மேடைப் பேச்சு எனக்குப் பொருந்துவதில்லை. அந்தப் பேச்சில் பறவைக்கு இரண்டு வீடு: விட்டு வந்த வீடு, வந்து சேர்ந்த வீடு. நிஜப் பறவைக்கு மூன்று இடம் வேண்டும், மூன்றும் ஒரே ஆண்டில் வேண்டும். எதையும் விட்டு வரவில்லை அது.

ஆனால் அந்தக் கதையில் நல்ல பக்கமும் உண்டு. மிராண்டா இயற்கை ஆர்வலர் அறக்கட்டளை 1975-ல் தொடங்கியது. அவர்களின் கரையோரப் பறவை மையம் 1990-ல் திறந்தது. அவர்கள் தங்கள் கரையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 2004-ல் சீனாவின் யாலு ஜியாங் காப்பகத்தோடு சகோதர ஒப்பந்தம் செய்தார்கள். அந்த அறக்கட்டளையின் தொண்டர்கள் வட கொரியாவுக்கே போய்ச் சேற்றில் நின்று பறவை எண்ணியிருக்கிறார்கள். சீனா 2018-ல் கடற்கரை நிரப்பும் வேலைகளுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019-ல் அதன் மஞ்சள் கடல் கரையின் ஒரு பகுதியும், 2021-ல் கொரியாவின் சேற்றுவெளிகளும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு சிற்றூரின் தொண்டர்கள் தனியாக இதையெல்லாம் சாதித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல நாடுகளில் பலர் பல ஆண்டு உழைத்தார்கள். இவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆகவே அந்தக் கேள்விக்கு என் பதில் இது. கொரியாவின் சுவர் என் கையில் இல்லை. என் கால் என்னிடம் இருக்கிறது. அங்கே இடம் சுருங்கச் சுருங்க, இங்கே சேர்க்கும் ஒவ்வொரு கிராம் கொழுப்பின் மதிப்பும் கூடுகிறது. பிழைக்கு இடமில்லாத பயணத்தில் சின்னச் செலவு என்று ஒன்று கிடையாது.

அம்மாவிடம் ஒரு நாள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பிறந்து வளர்ந்தது மன்னார்ப் பக்கம். "எங்கட ஊரிலயும் மார்கழி, தை மாசம்தான் பறவையள் வாறது. உப்பளப் பக்கம் பூநாரை வந்து நிண்டா ஒரே வெள்ளையும் சிவப்புமா இருக்கும்" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு இது கோடைகாலப் பொழுதுபோக்கு. அம்மாவுக்கு அது மாரிகாலத்து ஞாபகம். மாதம் ஒன்றுதான். ஆர்க்டிக் உறைந்து கிடக்கும் அதே மாதங்களில் மன்னாரின் வங்காலைக் கரையும் தமிழ்நாட்டின் கோடியக்கரையும் எங்கள் பூகொரொகொரோவும் ஒரே நேரத்தில் நிரம்புகின்றன. பாதைகள் வேறு. அங்கே போவது மத்திய ஆசிய வழி, இங்கே வருவது கிழக்கு ஆசிய–ஆஸ்திரலேசிய வழி. ஆனால் அம்மாவின் ஊரில் இறங்கும் கருவால் மூக்கனும் இங்கே இறங்கும் பட்டைவால் மூக்கனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். கோடியக்கரை 2002-லும் வங்காலை 2010-லும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. தேம்ஸ் வளைகுடா 1990-லேயே சேர்ந்துவிட்டது.

"பறவை பார்ப்பது ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு" என்று என் வயது ஆட்கள் சொல்வதுண்டு. கரையில் நிற்பவர்களைப் பார்த்தால் அது பாதி சரி. ஆனால் அந்த வழக்கம் எங்களுக்குப் புதிதில்லை. சங்க இலக்கியம் கடற்கரைக்கு நெய்தல் என்று ஒரு தனித் திணையே ஒதுக்கியது. நாரையைத் தன் மனைவியிடம் தூது விட்ட சத்திமுத்தப் புலவரைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தப் பாட்டில் நாரை தன் துணையோடு தெற்கே குமரிக்குப் போய் மீண்டும் வடக்கே திரும்புகிறது. அதன் வாயைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிடுகிறார். பன்னிரண்டு வயதில் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். இப்போதுதான் ஒன்று தோன்றுகிறது. பறந்து ஓடும் பறவையின் அலகில் பனங்கிழங்கின் நிறத்தையும் பிளவையும் காண முடியாது. நின்றுகொண்டிருக்கும் பறவையை, அது பயப்படாத தூரத்திலிருந்து, நெடுநேரம் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

என் கட்சியும் இதுதான். கிளம்பிய பறவைக் கூட்டம் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிற்கும் கூட்டத்தில்தான் பார்க்க நிறைய இருக்கிறது. ஜனவரியில் பூகொரொகொரோவில் மூக்கன்களுக்கு நடுவே கொஞ்சம் குட்டையாக, நெருக்கமாக நிற்பவை ரெட் நொட். கறுப்பு வெள்ளை உடம்பும் சிவந்த நீண்ட காலுமாக நடப்பவை நெடுங்கால் உள்ளான். பிறகு ரைபில் என்ற சாம்பல் நிறச் சிறு பறவை. உலகத்தில் அலகு பக்கவாட்டாக வளைந்த ஒரே பறவை அது, எப்போதும் வலப்பக்கம்தான் வளையும். தெற்குத் தீவின் ஆற்றுப் படுகைகளில் கற்களுக்கு அடியில் பூச்சி தேட அந்த வளைவு உதவுகிறது. முழு உலகத்திலும் சில ஆயிரம்தான் இருக்கின்றன. குஞ்சு பொரித்து முடித்த பிறகு அவற்றில் பெரும்பகுதி வந்து தங்குவது இந்த வளைகுடாவிலும் எங்கள் மனுக்காவ் துறையிலும். கூட்டம் பறந்துவிட்டால் அந்த வளைந்த அலகை யாரும் பார்க்க முடியாது.

இடத்தின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிராண்டா என்பது ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். 1863-ல் வைகாட்டோ போரின்போது அந்தக் கப்பல் ஙாட்டி பாவோவா மக்களின் இந்தக் கரைக்கு வந்து தாக்கியது. பிறகு அந்த இடத்துக்கே கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது பழைய பெயரையும் சேர்த்துப் பூகொரொகொரோ மிராண்டா என்கிறார்கள். ஊர்ப் பெயர் மாறுவது என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் தெரியும். ஆகவே அந்தப் பெயரை முழுதாகச் சொல்லப் பழகுங்கள். (ங என்ற எழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் எதற்குப் படித்தோம் என்று யோசித்தவர்களுக்கு, இதோ ஒரு பயன்.)

கரைவரை போக வழியில்லாதவர்கள் வீட்டுப் பக்கமே தொடங்கலாம். நாங்கள் குடியிருக்கும் தகனினியின் பெரும்பகுதி பீட் மண், அதாவது பழைய சதுப்பு. எங்கள் வரவேற்பறைக்குக் கீழே ஒரு காலத்தில் குருகு நின்றிருக்கும். நியூசிலாந்தின் ஈரநிலங்களில் சுமார் 90 சதவீதம் இப்படி வடிக்கப்பட்டுப் போய்விட்டது. மாத்துகு என்ற சதுப்புக் குருகு இன்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள். அதன் பெரிய புகலிடங்களில் ஒன்றான, தெற்கே வைகாட்டோவில் உள்ள ஃபங்கமரினோ சதுப்பில் 2024 ஒக்டோபரில் தீப் பிடித்து ஏறக்குறைய 1,000 ஹெக்டேர் எரிந்தது. தகனினியிலேயே புதிய வீடுகளின் மழைநீரை வாங்குவதற்காக அவாகெரி ஈரநிலத்தை வெட்டினார்கள். தோண்டும்போது சதுப்பில் புதைந்து கிடந்த பழைய கௌரி மரங்கள் வெளியே வந்தன. இப்போது அங்கே மாலை நேரம் நடந்தால் புகெக்கோவைப் பார்க்கலாம். ஊரிலிருந்து அம்மம்மா வந்திருந்தபோது அதைப் பார்த்ததும், "இது எங்கட குளத்து நீலத் தாழைக்கோழி அல்லோ" என்றார். நெருங்கிய உறவுதான். 2023 ஜனவரி 27 வெள்ளத்தை மறக்காதவர்களுக்கு, தண்ணீர் நிற்க இடம் விடுவது ஏன் முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் பறவையும் நிற்கும்.

இழந்த சேற்றைத் திரும்பப் பெறவும் முடியும். மாங்கெரேயில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காகக் கடலை மறித்துக் கட்டிய பெரிய குளங்களை 2000களின் தொடக்கத்தில் அகற்றி, சுமார் 500 ஹெக்டேரைத் திரும்பக் கடலுக்கே விட்டார்கள். பறவைகள் தங்கச் சிப்பி மேடுகளும் கட்டினார்கள். பக்கத்து அம்பரி பூங்காவிலிருந்து நடந்தே பார்க்கலாம்.

சரி, போவதென்று முடிவெடுத்தால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில் ஹை டைட் அட்டவணையைப் பாருங்கள். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். அப்போது பறவைகள் கூட்டம் கூட்டமாக உங்களை நோக்கி வரும், நீங்கள் அவற்றை நோக்கிப் போகத் தேவையில்லை. மாங்கெரே இருக்கும் மனுக்காவ் பக்கமும் ஓக்லாந்து நகரத் துறைமுகப் பக்கமும் ஏற்ற நேரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வித்தியாசப்படும். சரியான அட்டவணையைத்தான் பார்க்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள்.

கரையில் பறவை பார்ப்பதற்கென்று குடில்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். பறவைகள் தலையைத் தூக்கினால், ஒன்றிரண்டு நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்னால் வாருங்கள்.

நாயையும் ட்ரோனையும் வீட்டில் விடுங்கள்.

விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. பழைய பைனாகுலர் ஒன்று போதும். கோடையில் பெரும்பாலும் அங்கே தொண்டர்கள் ஸ்கோப்போடு நிற்பார்கள். கேட்டால் காட்டுவார்கள், கேட்காமலேயும் காட்டுவார்கள்.

காலில் கொடி மாட்டிய பறவையைக் கண்டால் கொடியின் நிறத்தையும் எழுத்தையும் எழுதிக்கொண்டு வந்து மையத்தில் சொல்லுங்கள். நியூசிலாந்தில் மாட்டும் கொடி வெள்ளை. வேறு நிறம் என்றால் அது வேறு நாட்டில் பிடிபட்டு வந்த பறவை. உங்கள் ஒரு வரிக் குறிப்பு ஒரு பறவையின் பயணத்தில் ஒரு புள்ளியாகும்.

போன ஜனவரியில் அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு வயது. முதல் பத்து நிமிடம் பொறுமையாக இருந்தான். பிறகு, "மாமா, அதுகள் ஒண்டுமே செய்யேல்லையே. ஓடிப் போய்க் கிளப்பட்டோ?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. என் பழைய கதையை அவனுக்குச் சொன்னேன். 14 விநாடி வீடியோவையும் மறைக்கவில்லை.

"நீங்களா?" என்றான்.

"நான்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பக்கத்தில் நின்ற தொண்டரிடம் போய் ஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக் கண்ணை வைத்தான். அரை மணி நேரம் எடுக்கவில்லை. ரைபிலின் அலகு வலப்பக்கம் வளைந்திருக்கிறது என்று அவனே கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டான். கடல் வற்றத் தொடங்கியது. யாரும் கிளப்பாமலே மூக்கன்கள் சிறு சிறு கூட்டமாக எழுந்து, சத்தமிட்டுக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலாகச் சேற்றை நோக்கிப் போயின. அவன் போனை எடுக்க மறந்துவிட்டான்.